ஏலத்துக்குப் போன செவப்பு பஸ்

எங்க வூட்டுக்காரர் சைமன், சித்தூர் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவரு. வேலை முடிஞ்சி வந்தா பிளாஸ்டிக் தகடை வெட்டி ஒட்டி குட்டிகுட்டியா டிராக்டர், ரயில் எஞ்சின்னு செஞ்சிக்கினு இருப்பாரு. நெசமான வண்டியை அளந்து, கணக்குப் போட்டு, அச்சு அசலா அதே மாதிரி சின்னதா. பொம்மைன்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவாரு, மாடல்னுதான் சொல்லணுமாம். நான் வேணும்னே பொம்மைன்னுதான் சொல்லுவேன்.

வருஷா வருஷம் எங்க சர்ச்சு சபையில, வெளைச்சலுக்கு நன்றி சொல்ற அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மாடலைக் காணிக்கையா வெப்பாரு. ஜனங்க கொண்டாந்த பூசணிக்கா, சேவல், வாழைத்தாரு எல்லாத்தையும் ஏலம் வுட்டுட்டு, கடைசியில இவரு பொருளுக்கு வருவாங்க. அன்னிக்கு எங்க ஆளு நடக்கற நடையே வேற.

இந்த வருஷம் சித்தூர்-திருப்பதி செவப்பு பஸ். சீட்டு, படிக்கட்டு, பின்னாடி ஏணி எல்லாம் முடிஞ்சி பெயிண்ட் மட்டும் பாக்கி. அப்பதான் வலது கை நடுங்க ஆரம்பிச்சிது. பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. ஆனா பிரஷ்ஷைப் புடிச்சா கோடு கோணிக்கினு போவுது. அடிப்பாரு, தொடைப்பாரு, மறுபடி அடிப்பாரு. ஒரு நாள் பிரஷ்ஷைக் கழுவி வெச்சிட்டு, "இந்த வாட்டி ஒரு பூசணிக்கா வாங்கி வெச்சிடலாம் கேசியா"ன்னாரு.

வூடு பூரா பெயிண்ட் நாத்தம்னு அவரோட சண்டை போட்டவளே நான்தான். ஆனா அந்த மனுஷன் வாயில பூசணிக்கான்னு வந்தது எனக்குத் தாங்கல.

மாடல் செய்யறவங்க சேந்து வெச்சிருக்கற அவரோட போன் குரூப்புல யாரோ ஏர்பிரஷ் வாங்கச் சொல்லியிருந்தாங்க. பேனா சைஸ்ல இருக்கும், காத்தோட பெயிண்ட்டைத் தூவும், மாடலைத் தொடவே வேணாம். கேக்குக்கும் அதாலதான் கலர் அடிக்கறாங்களாம், அதனால திருப்பதியில கேக்கு சாமான் விக்கற கடையில கெடைக்கும். அந்த வாரமே இழுத்துக்கினு போனேன்.

கடையில காவ்யான்னு ஒரு பொண்ணு ரெண்டு வகை எடுத்து வெச்சா. ஒண்ணுல பட்டனை அமுக்கினா காத்து, அதையே பின்னால இழுத்தா பெயிண்ட். எவ்ளோ இழுக்கறமோ அவ்ளோ வரும். இன்னொண்ணுல எவ்ளோ பெயிண்ட் வரணும்னு பின்னாடி இருக்கற திருகைத் திருகி வெச்சிட்டு சும்மா அமுக்கினா போதும்.

"இது புதுசா கத்துக்கறவங்களுக்கு சார்"னு ரெண்டாவதைக் காட்டி தெலுங்குல சொன்னா அவ.

அவ்ளோதான், எங்க ஆளுக்கு ரோஷம் வந்துடுச்சி. வலது கையைப் பாக்கெட்ல வுட்டுக்கினு, இடது கையால மொத வகையைக் காட்டி, "இதையே பேக் பண்ணும்மா"ன்னாரு.

எனக்கு வந்துதே கோவம்! "செருப்பு வாங்கினாக்கூட கடை பூரா நடந்து பாக்கற ஆளு நீங்க. இதை மட்டும் பாக்காம வாங்குவீங்களா? கையை வெளிய எடுங்க!"

எடுத்தாரு. காவ்யா கேக்கு கலரை ஊத்தி, ஒரு வெள்ளை அட்டையை வெச்சா. மொத வகையில வெரலு நடுங்க நடுங்க கோடு ஒரு எடத்துல தடியாவும் ஒரு எடத்துல நூலாவும் போச்சி, நடுவுல சொட்டு வேற. அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சி. கடையில இருந்தவங்க பாத்தாங்க. பாக்கட்டுமே, யாருக்கு இன்னா?

ரெண்டாவதை அவரு கையில திணிச்சேன். "கத்துக்கறவங்களுதுதானே, கத்துக்கோங்க."

முழங்கையைக் கவுண்டர்ல ஊணிக்கினு அமுக்கினாரு. செவப்பு மெல்லிசா, ஒரே சீராப் பரவிச்சி. அட்டை மொத்தத்தையும் செவப்பாக்கிட்டுத்தான் நிமிர்ந்தாரு, கண்ணெல்லாம் சிரிப்பு.

அதுக்குக் காத்து அடிக்க ஒரு கம்ப்ரசரும் வாங்கினோம். அது போடற சத்தத்துல எங்க மிக்ஸி தோத்துப் போவும். ஜன்னல்ல கலர் படாம டேப்பு ஒட்டறது என் வேலை. நாத்தமும் அப்படியேதான், ஆனா இந்த வாட்டி நான் வாயத் தொறக்கல.

பண்டிகையில சபைப் பெரியவர் ஜெபதாஸ் ஐயா பஸ்ஸைத் தூக்கிக் காட்டி ஏலத்தை ஆரம்பிச்சாரு. யார் யாரோ கேட்டாங்க. "ரெண்டாந்தரம்"னு அவரு சொன்னதும் நான் கையைத் தூக்கிட்டேன். காணிக்கை வெச்ச வூட்டுக்காரங்களே அதை ஏலம் கேக்கற வழக்கம் எங்க சபையில இல்ல.

"ஏம்மா, இது உங்க பொருளாச்சே?"

"அவரு பொருள் ஐயா. வாங்கறது நானு."

சபையே சிரிச்சிது. பஸ்ஸு எனக்குத்தான் வந்துச்சி. திரும்பி வர்றப்ப அதை மடியில வெச்சிக்கினு ஆட்டோவுல உக்காந்திருந்தேன்.

"வூடு பூரா எடத்தை அடைக்குதுன்னு கத்துவியே, பொம்மைக்குப் போயி இவ்ளோ காசா?"ன்னு கேட்டாரு சைமன்.

"பொம்மை இல்லங்க, மாடல்"னேன்.