கிரைண்டர் இல்லாத வழக்கு

என் தங்கை இறந்தது கடத்தூரில், அவள் வீட்டுச் சமையலறையில். புது கிரைண்டரில் அரிசியைப் போட்டு, அதன் உடம்பில் ஒரு கையை வைத்தபடி சுவிட்சைப் போடச் சொன்னாள். போட்டது அவள் மகள். அப்போது ஐந்தாம் வகுப்பு.

அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. ஃபேன் வேண்டுமென்றாலும் அப்பாவைக் கூப்பிடுவாள். மாப்பிள்ளை கம்பெனி மேல் வழக்குப் போட்டது இதற்காகத்தான்.

"மெசினுதான் காரணம்னு ஒரு பேப்பர்ல வந்தா போதும் மச்சான். அவகிட்டக் காட்டணும்."

ஆனால் மெசின் இல்லை. உயிரை வாங்கிய சாமான் வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, கருமாதிக்கு முன்பே அதைப் பொம்மிடியில் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார்கள். நாங்கள் தேடிப் போனபோது கடைக்காரர் மோட்டாரைப் பிரித்துச் செம்பைத் தனியே எடுத்து, மிச்சத்தை லோடு ஏற்றி அனுப்பியிருந்தார்.

"சாவு வூட்டுச் சாமான்னாங்க. அதான் உடனே தள்ளிட்டேங்க" என்றார்.

தருமபுரியில் நடந்த விசாரணையில் கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. மின்சாரம் தாக்கித்தான் இறந்தார், அதை மறுக்கவில்லை என்றார். அது கிரைண்டரின் கோளாறா, வீட்டு வயரிங்கா, ஈரக் கையா என்பதுதான் அவர் கேள்வி. வயரிங் நன்றாக இருக்கிறது என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சாட்சி சொன்னார். எப்போது பார்த்தீர்கள் என்று வக்கீல் கேட்டார். சாவுக்குப் பல மாதம் கழித்து. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எங்களிடம் பில் இருந்தது. ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்து எடுத்த போட்டோ இருந்தது. கிரைண்டர் ஒன்று இருந்தது என்பதற்கு மட்டுமே அவை சாட்சி.

கோளாறுதான் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. அதை மகளிடம் சொல்ல மாப்பிள்ளையால் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுவிட்டு, தோட்டத்துக்குப் போய்விட்டார். அவள் இப்போது ஒன்பதாவது. தாளை வாங்கி அவளே படித்தாள்.

"மெசின்னு போடலையே மாமா."

"மெசின் இல்லைன்னும் போடல கண்ணு."

"வயரிங் நல்லா இருக்குன்னு நம்மதான சொன்னோம்?"

"ஆமா."

"அப்பறம் யாரு இருக்கா?"

வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. விளக்கைப் போட எழுந்தேன்.

"இருங்க மாமா" என்றாள். வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து வந்து காலருகே வைத்தாள்.

"போட்டுக்கிட்டுத் தொடுங்க."