செஞ்சியில் கையெழுத்து, மொரீஷியஸில் கம்பெனி

காலை 5.40. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். செஞ்சிக்கு ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், டிக்கெட் நூற்றிருபத்தைந்து ரூபாய்.

"கோட்டைக்கா மேடம்? ஊரத் தாண்டி எறங்கணும்" என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க, கம்பெனி ஆரம்பிக்க."

"செஞ்சியில இன்னா கம்பெனி?"

"கம்பெனி மொரீஷியஸில். ஆள்தான் செஞ்சியில்."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

வரி குறைந்த தீவுகளில் கம்பெனி பதிந்து கொடுப்பது என் தொழில். என் கையால் போன விண்ணப்பம் எதுவும் திரும்பி வந்ததில்லை. கறுப்புப் பணமா என்று கண் சிமிட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே கம்பெனி வைத்தால் இங்கே வருமான வரியிலும் காட்டியாக வேண்டும். ஒளிக்க நினைத்து வருகிறவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுவேன்.

8.50. செஞ்சி பஸ் ஸ்டாண்டு. ஸ்கூட்டரோடு காத்திருந்தார் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர். கென்யாவில் ஒரு மருத்துவமனை அதை வாங்கத் தயார், ஆனால் மொரீஷியஸ் கம்பெனியோடுதான் ஒப்பந்தம் போடுமாம். மொரீஷியஸ் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று இன்று மாலைக்குள் காட்டாவிட்டால் ஒப்பந்தம் கைநழுவிவிடும். விண்ணப்பத்தில் உரிமையாளர், அவருடைய அண்ணன் சகாயராஜ். போர்வெல் லாரி ஓட்டுகிறவர். மென்பொருள் எழுதுவது தங்கை, தொழிலை நடத்துவது அண்ணன் என்று நானும் நம்பி அனுப்பியிருந்தேன்.

10.15. தொண்டூர் சாலையில் அவர்கள் வீடு. உரிமையாளரை விசாரிக்க, அங்கே பதிவு செய்து தரும் மொரீஷியஸ் முகவர் அம்மாள் கம்ப்யூட்டர் திரையில் வந்தார். அவர் கேட்பதை நான் சகாயராஜிடம் தமிழில் சொன்னேன்.

"உங்க கம்பெனி என்ன செய்யுது?"

"தங்கச்சியக் கேளுங்க."

"முடிவெல்லாம் யார் எடுப்பாங்க?"

"அதுவும் தங்கச்சிதான்."

திரையில் இருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். உண்மையான உரிமையாளர் பெயரோடு நாலு மணிக்குள் புது விண்ணப்பம் வர வேண்டும், இல்லாவிட்டால் நிராகரிப்பு என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெல்லாவிடம் கோபமாகவே கேட்டேன், ஏன் இப்படி என்று.

"வூடு, வண்டி, கேஸ் கனெக்ஷன் எல்லாமே அண்ணன் பேர்லதான் மேடம் இருக்குது. இது மட்டும் எம் பேர்ல போட்டா அண்ணனுக்கு மனசு நோவும்."

சகாயராஜ் நிமிர்ந்து பார்த்தார். "வெளிநாட்டு சமாச்சாரம். நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா என் தலையில விடியட்டும்னுதான் கையெழுத்துப் போட்டேன். உம் பேர்ல போடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

ஸ்டெல்லா அழுதுவிட்டார்.

நல்லவேளை, நைரோபி போய்வந்த பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு நோட்டரியிடம் நகல்களுக்கு முத்திரை வாங்கினோம். உரிமையாளர் என்ற இடத்தில் ஸ்டெல்லா தன் பெயரை நிதானமாக எழுதினார். 3.20க்கு அனுப்பினேன். சரியாக இருக்கிறது என்று நாலு மணிக்கு முன்பே பதில் வந்தது.

மாலை 5.10. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம். பாறைக் குன்றுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. இரண்டு வாரத்தில் பதிவுச் சான்றிதழ் வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேளச்சேரியில் என் அலுவலகம். தொழில் நான் கற்றது, வாடிக்கையாளர்கள் நான் பிடித்தவர்கள். பதிவில் உரிமையாளர் என் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார், என் அலுவலகப் படியேறி இரண்டு வருடம் இருக்கும். மேல்மருவத்தூர் தாண்டியதும் அவருக்குப் போன் செய்தேன்.

"ஆபீஸை என் பேருக்கு மாத்தணும்."

"மாத்திக்கோயேன். இத்தனை வருஷமா ஏன் கேக்கல?" என்றார்.