டெவன் நீர்வீழ்ச்சியில் பதினைந்து நிமிடம்

2005 ஜூலையில் நாகலெட்சுமி தன் சொந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அழுதுகொண்டே விமானம் ஏறியவள், இந்தத் தடவை இடுப்பில் ஒரு குழந்தையோடு கட்டுநாயக்காவில் இறங்கினாள். குழந்தை அவளுடையதல்ல. றியாத்தில் அவள் வேலை பார்த்த வீட்டின் கடைசிப் பெண், நூரா. இரண்டு வயது.

போகும்போது இரண்டே வருஷம் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருஷம் முடிந்த மாதத்தில் நூரா பிறந்தாள். நாகலெட்சுமியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் என்று வீட்டு ஐயா சொன்னார், அவ்வளவுதான். பிறந்த ஏழாம் நாளிலிருந்து நூரா இவள் கையில்தான் வளர்ந்தாள்.

குழந்தையைத் தூங்க வைக்கும்போது நாகலெட்சுமி தனக்குத் தெரிந்த அரபியில் ஊரைப் பற்றிச் சொல்வாள். பனி, பாறை, வெள்ளை வெள்ளையாய் விழும் தண்ணீர். சொன்னதில் பாதி காலண்டர் படங்களில் பார்த்தது. கல்யாணமான வருஷம் நல்லதண்ணிப் பக்கமாய்ச் சிவனொளிபாத மலை ஏறியதைத் தவிர, அவள் தலவாக்கலைக் கடைவீதியைத் தாண்டிப் போனதே இல்லை. ஆனால் நூராவைப் பெற்ற மேடம் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் பொங்கி வந்து கரையோர ஹோட்டல்களைக் கொண்டுபோன மறு வருஷம் அது. விடுமுறைக்கு இலங்கை போகலாம், கடல் பக்கம் வேண்டாம், லெட்சுமி சொல்கிற மலைக்குப் போவோம் என்று மேடம்தான் ஐயாவிடம் சொன்னாள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து நாகலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தில் அவள் விட்டு வந்த மகள் சர்மிளாவுக்கு அப்போது மூன்று வயது. இப்போது ஏழு. ஒரு சிவப்புக் கவுனும் ஒரு ஜோடிச் சப்பாத்தும் வாங்கினாள். அளவு தெரியாமல் நூராவின் அக்காவை அருகே நிறுத்திக் கணக்குப் பார்த்தாள். விமானம் கிளம்பும் முன் ஐயா அவளைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு என்றார். அவருடைய தம்பி வீட்டு வேலைக்காரி லீவில் ஊருக்குப் போய்த் திரும்பி வரவே இல்லையாம். நாகலெட்சுமியின் பாஸ்போர்ட் மேடத்தின் கைப்பையில் இருந்தது.

வான் ஓட்டி வந்தவர் கந்தப்பன் என்ற இறம்பொடைக்காரர். ஐம்பது வயதிருக்கும். ஐயாவோடு இங்கிலீஷில் பேசினார். கண்டி தாண்டி மலை ஏறி, இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு எதிரே வானை நிறுத்தியபோது நூரா சாரலைக் கண்டு வீரிட்டாள். "ஒண்ணுமில்லடி தங்கம், தண்ணிதான், தண்ணிதான்" என்று நாகலெட்சுமி தன்னை மறந்து தமிழில் சொல்லிவிட்டாள்.

கந்தப்பன் திரும்பிப் பார்த்தார். "நம்ம பக்கத்துப் புள்ளயா நீங்க? எந்தத் தோட்டம்?"

"பத்தனைக்கு இங்கிட்டுங்கண்ணே. வெள்ளிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு. டெவனுக்கு எதுத்த மலை."

"அட, இங்கனக்குள்ள தானே! அப்ப வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க."

"இல்லண்ணே. புள்ளையப் பாத்துக்க வந்தேன்."

 கந்தப்பன் மலையுச்சி அனுமார் கோயிலைக் கைகாட்டி ஐயாவுக்கு ஏதோ விளக்கினார். நாகலெட்சுமி இடுப்புக் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டாள்.

நுவரெலியாவில் நான்கு நாள். ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்கும் இடங்களை அவளும் பார்த்தாள். கிரகரி வாவியில் படகு ஓடியது. கரையில் குட்டைக் குதிரை மீது நூராவை ஏற்றிப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே நடந்தாள். ஹக்கலைப் பூங்காவில் குழந்தைத் தலை அளவுக்கு ரோஜாப் பூக்கள். இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு இடம் இருந்திருக்கிறது, அது தெரியாமல் அவள் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கும், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாய் ஒட்டி நிற்கும் லயத்துக்குமாக இருபத்தெட்டு வயது வரை நடந்திருக்கிறாள். அழகாகத்தான் இருந்தது. எதைப் பார்த்தாலும் சர்மிளா இதைப் பார்க்கவில்லையே என்ற நினைப்பு வந்து முன்னால் நின்றது. மூன்று வயது முகம்தான் வந்தது. ஏழு வயது முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் விடியலில் பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனார்கள். உலக முடிவு என்கிற அந்தப் பாறை விளிம்புக்கு வானில் போக முடியாது, நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நூராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது பனி மூடி எதிரே ஒன்றும் தெரியவில்லை. சுவர் எழுப்பினாற்போல வெள்ளை. ஐயா எரிச்சலோடு கமராவைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். மேடம் களைத்துப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நாகலெட்சுமி பக்கத்தில் நின்றாள். இந்த இடத்தை விட்டால் இனி வாய் வராது என்று தோன்றியது.

தன் மகளுக்கு ஏழு வயது என்றாள். நாளைக்குக் கொழும்பு போகிற வழியில்தான் வீடு என்றாள். பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், ஓடிப்போக மாட்டேன், நூராமேல் சத்தியம் என்றாள்.

மேடம் அவள் தோளில் வாய் திறந்து தூங்குகிற குழந்தையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து பனிக்குள் நடந்து புருஷனிடம் போனாள். இருவரும் பேசிக்கொண்டது கேட்கவில்லை. திரும்பி வந்து, வீட்டுக்குப் போகக் கூடாது, டெவன் நீர்வீழ்ச்சியில் வான் நிற்கும்போது வீட்டார் அங்கே வந்தால் பதினைந்து நிமிடம் பேசலாம் என்றாள். சொல்லும்போது மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டிப்பொல ஸ்டேசன் பக்கம் தேநீருக்கு நிறுத்தியபோது கந்தப்பன் தன் செல்போனை எடுத்தார். பத்தனையில் செல்லசாமி என்பவரின் கொமினிக்கேஷன் கடை நம்பர் நாகலெட்சுமிக்கு மனப்பாடம். மாதம் ஒருமுறை புருஷன் அழகுமுத்து அங்கே வந்து நின்றுதான் அவளோடு பேசுவான். "நாளைக்குப் பத்து மணிக்கு டெவன் பாக்குற எடத்துக்கு புள்ளையக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. மறந்துறாதீங்க, புண்ணியமாப் போவும்" என்று கந்தப்பனே சத்தம் போட்டுச் சொன்னார்.

மறுநாள் பத்தே காலுக்கு வான் போய் நின்றது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் டெவன் நீர்வீழ்ச்சி கொட்டிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி அதைப் பார்க்கவில்லை. ரோட்டோரக் கம்பி வேலி அருகே மூன்று பேர் நின்றார்கள். கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சட்டையில் அழகுமுத்து. அவனுடைய அக்கா மீனம்மா, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. பிள்ளை குட்டி இல்லாத விதவை, சர்மிளாவை வளர்ப்பவள். மீனம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைப் பள்ளிக்கூடச் சீருடையில், நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு நெட்டைப் பெண்.

"யாரு வந்திருக்கா பாரு. அம்மா வந்திருக்கு. போ" என்று மீனம்மா முதுகைத் தள்ளினாள். சர்மிளா இன்னும் பின்னால் போனாள்.

நாகலெட்சுமி நூராவை இறக்கி மேடத்தின் காலடியில் விட்டுவிட்டு ஓடிப்போய் மகள் முன்னால் மண்டியிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தன் அம்மாவின் நாடி, அழகுமுத்துவின் கண். நான்கு வருஷமாய்ப் பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்த ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "சாப்டியா?" என்றுதான் கேட்டாள்.

"சாப்ட்டேங்க" என்றது பிள்ளை.

அந்த 'ங்க' அவளைக் குத்தியது. தோட்டத்தில் பிள்ளைகள் தாயை நீ என்றுதான் பேசும். கடைக்காரரிடமும் துரை வீட்டு ஆட்களிடமும்தான் இப்படிப் பேசும். பையிலிருந்து சிவப்புக் கவுனை எடுத்து மகள் தோளில் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு வெகு மேலேயே நின்றது.

அதற்குள் பின்னால் நூரா அலற ஆரம்பித்தாள். பெற்றவள் தூக்கியும் நிற்கவில்லை. திமிறி இறங்கித் தத்தித் தத்தி ரோட்டைக் கடந்து வந்து, நாகலெட்சுமியின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு "யும்மா, யும்மா" என்று தேம்பினாள். அவர்கள் வீட்டுப் பேச்சில் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தைக்குச் சர்மிளாவுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈரம் நிறைந்த அந்தச் சின்ன முகத்தையும் தன் அம்மாவின் கழுத்தைச் சுற்றியிருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பாப்பா அழுவுதுங்க" என்றாள். "நீங்க போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக, பெரிய மனுஷி மாதிரி, விட்டுக்கொடுத்துச் சொன்னாள். மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

நாகலெட்சுமி நூராவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தூக்காமல் என்ன செய்வது. கை தானாகவே தட்டிக்கொடுத்தது. அழகுமுத்து பக்கத்தில் வந்தான். "மெலிஞ்சிட்ட" என்றான். கொஞ்சம் கழித்து, "காம்பராவுக்கு முன்னால ஒரு அறை எடுத்தாச்சு. செவரு முடிஞ்சிருச்சு. தகரந்தான் போடணும்" என்றான்.

"ம்" என்றாள். அவன் இன்னும் ஒன்று சொல்வான் என்று நின்றாள். கந்தப்பனும் அதற்குத்தான் காத்திருந்தாற்போல, வான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, இது நம்ம நாடு. நீங்க ஏறலன்னா யாரும் தூக்கிக்கிட்டுப் போக முடியாது. யோசிச்சுக்கங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சப்பாத்து நுனியால் சரளைக்கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தான். "எப்ப வருவ?" என்றான்.

வானுக்குள்ளிருந்து ஐயா ஹோனை அடித்தார். மீனம்மா சாப்பாட்டுப் பெட்டியை அவள் கையில் திணித்தாள். "ரொட்டியும் கட்டச் சம்பலும். வழியில சாப்புடு. புள்ளையப் பத்திக் கவலப்படாத, நான் இருக்கேன்ல" என்றாள். அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். வான் நகர்ந்தபோது சர்மிளா அத்தையின் கையை ஆட்டி, "அத்த, நீ ஏன் அழுவுற?" என்று கேட்பது திறந்த ஜன்னல் வழியே காதில் விழுந்தது.

ஹட்டன் வரும்வரை நாகலெட்சுமி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. நூரா அவள் மடியில் தூங்கிவிட்டாள். மேடம் ஒரு முறை முன் சீட்டிலிருந்து கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள். நாகலெட்சுமி காலை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து, 2007 சித்திரையில், அவள் ஒரேயடியாய்த் திரும்பி வந்தாள். நூராவுக்கு அப்போது நான்கு வயது. இவள் குளிக்கப் போயிருக்கிறாள் என்று குழந்தையை ஏமாற்றித்தான் அந்த வீட்டார் இவளை அனுப்பி வைத்தார்கள். புது அறைக்குத் தகரம் போட்டிருந்தது. உள்ளே அழகுமுத்து மட்டும் இருந்தான். சர்மிளா பக்கத்துக் காம்பராவில், மீனம்மாவோடு. படிப்பதும் படுப்பதும் அங்கேதான்.

மீனம்மா மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. "ஒங்கம்மாகிட்டப் போய்ப் படு" என்று அவளே பாயைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிள்ளை வந்தது. வந்து, சுவர்ப் பக்கம் ஒட்டிப் படுத்தது. மூன்றாம் நாள் காய்ச்சலே வந்துவிட்டது. "அக்காகிட்டயே இருக்கட்டும். போகப்போகச் சரியாயிரும்" என்றான் அழகுமுத்து. நாகலெட்சுமி மறுபடி பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள்.

ஒரு மழை நாளில், வேலை இல்லாமல் இருவரும் வீட்டில் இருந்தபோது, அவனாகவே சொன்னான். "அன்னிக்கு டெவன்ல நீயே, 'நான் போகல'ன்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன்."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "நீங்க போகாதன்னு சொல்லுவீங்கன்னு நானும் நின்னேன்."

"கஷ்டப்பட்டு சம்பாதிக்கிறவள எந்த மொகத்தோட நில்லுன்னு சொல்றது?"

"தகரம் போடணும்னு சொன்னீங்களே. அதக் கேட்டப்புறம் எப்படி நிக்கிறது?"

அவன் எழுந்து வாசலில் போய் நின்றான். 

2009இல் பள்ளிக்கூடத்திலிருந்து பேராதனைப் பூங்காவுக்கும் கண்டிக்கும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். போகலாமா என்று சர்மிளா கேட்டது மீனம்மாவிடம்தான். கையெழுத்துப் போட மட்டும் தாளை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். அன்று பொழுது சாயும் நேரத்தில் பஸ் வந்து இறக்கிவிட்டது. நாகலெட்சுமி அடுப்படியில் இருந்தாள். லயத்துச் சுவர் கூரை வரை எட்டாது. ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும்.

"அத்த, வானம் முட்ட பனமரம் மாதிரி ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கிது. நடுவுல ரோடு. மரத்துல பூராவும் வௌவாலு, தல கீழா தொங்குது, ஒண்ணு என் மேல மூத்திரம் பேஞ்சிருச்சு!" மீனம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்டி ஏரியில் மீனுக்குப் பொரி போட்டது, ஒரு பிள்ளை செருப்பைத் தொலைத்தது, டீச்சர் பஸ்ஸில் வாந்தி எடுத்தது என்று மூச்சு விடாமல் வந்தது. நாகலெட்சுமி அடுப்பை ஊதாமல், சத்தம் எழுப்பாமல், சுவரோரம் சாய்ந்து கேட்டாள். ஒரு இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"போயி அம்மாகிட்டயும் சொல்லிட்டு வா" என்றாள் மீனம்மா.

கொஞ்ச நேரத்தில் சர்மிளா வாசற்படியில் வந்து நின்றாள். பதினோரு வயது. சப்பாத்தைக் கழற்றவில்லை.

"வாம்மா. எப்புடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"என்னென்ன பாத்த?"

"மரம் பாத்தோம். ஏரி பாத்தோம்."

வௌவாலைப் பற்றிச் சொல்வாள் என்று நாகலெட்சுமி கொஞ்சம் காத்திருந்தாள். பிள்ளை தலைமயிர் நுனியைத் திருகிக்கொண்டு நின்றது. "களைப்பா இருக்கும். போயி மொகங் கழுவு" என்றாள். சர்மிளா சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நிமிடமே சுவருக்கு அந்தப் பக்கம் கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. நாகலெட்சுமி அடுப்பில் இன்னொரு விறகை வைத்தாள்.