ஐஸ் பெட்டிக்குள் ஊசி மருந்து

மக்டலினின் மீனில் குறை சொல்ல அந்த வாவிக்கரையில் ஆள் கிடையாது. செவுளைத் திறந்து காட்டித்தான் விற்பாள். அறுபத்துநான்கு வயதிலும் வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. யாராவது நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு ஊசி போடத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டால் போதும், "ஊசிக்கு வந்திட்டாரா? அப்ப சவப்பெட்டிக்கு அளவெடுங்ககா!" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கோ உள்ளுக்குள் பயம். புருஷன் இராயப்பு ஊசி தொடங்கிய வருஷமே செத்துப்போனவர்.

போன தையில், குளிசைக்குச் சீனி அடங்காமல், அவளுக்கே ஊசி எழுதினார் டொக்டர். இப்போது அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? கிளினிக் தாதி மிஸ்ஸி மருந்துப் போத்தலைத் தந்து விளக்கம் சொல்லச் சொல்ல, பக்கத்தில் யாருக்கும் கேட்கிறதோ என்றுதான் இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "குளிருக்குள்ள வைங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது.

வீட்டு பிரிஜ்ஜில் வைத்தால் மருமகள் டினோஷா கண்டுவிடுவாள். மகன் ஜசிந்தன் கட்டாரில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆகவே போத்தலை மீன்பெட்டியின் அடியில், உப்புத் தூவிய ஐசுக்குள் புதைத்தாள். காலையில் எடுத்தால் மருந்து கல்லாக உறைந்திருக்கும். மக்டலினுக்கு அதில் சந்தோஷம் வேறு! மீனைக் கெடாமல் காக்கிற ஐஸ் மருந்தையா கெடுக்கப் போகிறது? உள்ளங்கையில் வைத்து உருக்கி, கக்கூசுக்குள் நின்று குத்திக்கொள்வாள்.

மூன்று மாதத்தில் காலில் ஒரு புண். அது ஆறவில்லை. டினோஷா கையோடு கிளினிக்குக் கூட்டிப்போனாள். விரலில் குத்திப் பார்த்த மிஸ்ஸி, வாங்கு நிறைய உட்கார்ந்திருந்த சனத்துக்கு முன்னால் டினோஷா மேல் பாய்ந்தாள்.

"சீனி நானூற்றிப் பன்னிரண்டு! என்னத்தைப் புள்ள சமைச்சுக் குடுக்கிறீங்க? மாமியைக் கொல்லப் போறீங்களா?"

டினோஷா தலையைக் குனிந்தாள். மக்டலின் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே கேட்கப் பேசுகிறவள், அன்றைக்குப் பார்த்து ஊமையானாள்.

ஞாயிறு பூசைக்கு முன்னமே கதை கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. மருமகள் சீனி கொடுத்து மாமியை முடிக்கப் பார்க்கிறாளாம். டினோஷா பூசைக்குப் போவதை விட்டாள். ஒரு மத்தியானம் மாமிக்கு ரொட்டி சுடக் குரக்கன் மாவை அரித்துக்கொண்டே அழுதாள். "மாதாவாணை மாமி, ஒரு துளி சீனி நான் போடல்ல."

"தெரியும் புள்ள" என்றாள் மக்டலின். ஊசிக் கதையை மட்டும் விழுங்கிவிட்டாள். அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சீ, நானும் ஒரு மனிசியா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த கிளினிக்கில் அதே வாங்கு, அதே சனம். மிஸ்ஸி டினோஷாவைப் பார்த்து மறுபடி வாயெடுக்க, மக்டலின் எழும்பி நின்றாள்.

"அவளைப் பேசாதீங்க மிஸ்ஸி. அவள் சரியாத்தான் சமைக்கிறாள். நான் ஊசி போடுறது அவளுக்குத் தெரியாது. வெக்கத்தில மருந்தை மீன்பெட்டி ஐசுக்குள்ள ஒளிச்சு வைச்சிரிக்கன்."

"ஐயோ அம்மா! உறைஞ்சா அந்த மருந்து வேலை செய்யாதே! இவ்வளவு நாளும் சும்மா தண்ணியைத்தானே குத்தியிரிக்கீங்க!"

வாங்கு முழுக்கச் சிரித்தது. மக்டலினுக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது போலிருந்தது. டினோஷா மட்டும் சிரிக்கவில்லை.

"ஊசி போடுறது உங்களுக்கு வெக்கம்" என்றாள் மெதுவாக. "கொலைகாரி எண்டு ஊர் சொல்லக்குள்ள, எனக்கு எப்பிடி இருந்திருக்கும் மாமி?"