எக்ஸ்ரே அறையில் ஓர் இறக்கை

என் கணவர் ரிமோட் விமானம் விடுவதைப் பதினோரு வருடக் குடித்தனத்தில் நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. அறுத்த வயலில் நாற்பது வயது ஆள் ஒருவர் அண்ணாந்து நிற்பதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்களுக்கு நெல் வயல் உண்டு. அதை அவர் பார்த்துக்கொள்கிறார். நான் ஊருக்குள் ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தூங்குவேன், அவர் விமானம் விடுவார். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் முதன்முதலாகப் போன அன்றைக்குத்தான் இறக்கை போனது.

அதற்கு முன்பெல்லாம் அவரே தெர்மாகோலை அறுத்து ஒட்டி விமானம் செய்துகொள்வார். இது புதிது, பெட்டியில் செய்தே வந்தது. இரண்டு இறக்கைகளையும் உடலில் செருகி, மோட்டாரையும் பேட்டரியையும் வைத்துவிட்டால் பறக்கும். பால்சா என்ற மரத்தில் கூடு கட்டி, மேலே சிவப்பு பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டியிருந்தார்கள். தாளில் ஒரு சுருக்கம் கிடையாது. பெட்டியைப் பிரித்ததும், "கையில வாங்கிப் பாரு அம்மிணி" என்று ஓர் இறக்கையை என்னிடம் நீட்டினார். என் கை நீளத்துக்கு இருந்ததே என்று கொஞ்சம் பலம் கொடுத்து வாங்கினேன். அது நெட்டியைப் போல இருந்தது. கொடுத்த பலத்துக்கு வேலையில்லாமல் என் கை தானாக மேலே போய்விட்டது. இது எப்படிப் பறக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

காற்று கிளம்புவதற்கு முன்னால் போய்விட்டோம். தெற்கே நெல்லியாம்பதி மலை நீலமாக நின்றது. வயல் வெடித்துக் கிடந்தது. விமானம் மூன்று சுற்று ஒழுங்காகச் சுற்றியது. நாலாவது சுற்றில் அதை உயரக் கொண்டுபோய், மூக்கைக் கீழே குத்தவிட்டு, நல்ல வேகம் எடுத்ததும் எங்களுக்கு நேர் முன்னால் நிமிர்த்தினார்.

காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரே ஒரு சத்தம். வலது இறக்கை கதவு சாத்துவதைப் போல மேலே மடிந்து, கழன்று, தனியாகப் போனது. மிச்சமிருந்த விமானம் மூன்று தடவை உருண்டு வயலில் குத்தியது. அதற்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. ஆனால் கழன்ற இறக்கை அவசரமே படவில்லை. ஒரு சிவப்பு இலையைப் போலச் சுழன்று சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் வெயிலில் ஒரு தரம் மின்னி, நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்க, வரப்பின் மேல் வந்து படுத்தது. அழிவு இவ்வளவு அழகாக வந்து இறங்கி நான் பார்த்ததில்லை. என் கணவர் ரிமோட்டின் குச்சியை இன்னும் இழுத்துப் பிடித்தபடியே நின்றார்.

"என்ற தப்புதான்" என்றார். "ரொம்ப வேகத்துல இழுத்துப்போட்டனாட்ட இருக்குது."

நான் இறக்கையை எடுத்துப் பார்த்தேன். உடைந்த இடத்தைக் கண்டால் உற்றுப் பார்ப்பது என் தொழில். சிவப்புத் தாள் கிழிந்து உள்ளே இருந்த கூடு தெரிந்தது. இறக்கையின் நீளத்துக்கு மேலே ஒரு மெல்லிய கம்பு, கீழே ஒரு மெல்லிய கம்பு. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் போகாமலிருக்க நடுநடுவே நகத்தடிமனில் பலகைத் துண்டுகள். மேல்கம்பு சிலும்பு சிலும்பாக முறிந்திருந்தது. பலகைத் துண்டுகளில் மூன்று, நான் தூக்கியதும் என் உள்ளங்கையில் உதிர்ந்தன. அவற்றின் ஓரங்கள் பிளேடால் வெட்டியது போலச் சுத்தமாக இருந்தன. சிலும்பு இல்லை, பசை பட்ட தடம் இல்லை.

"ஏனுங்க, இது மூணும் ஒடியவே இல்லீங்க."

"பின்ன?"

"ஒட்டவே இல்லீங்க. சும்மா செருகி வெச்சு மேல தாளைப் போட்டுட்டாங்க. இது தாங்கும்னு நம்பி மேல இருந்த கம்பு பாரத்தைக் குடுத்திருக்குது."

அவர் மண்ணில் உட்கார்ந்து அந்த மூன்று துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தப்பில்லை என்று தெரிந்த நிம்மதியைவிட, மூன்று நகத்தளவுத் துண்டுகளை நம்பியா அத்தனையும் மேலே நின்றது என்ற திகைப்புத்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது.

உடைந்த இறக்கையைப் போனில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்ததும் விற்ற கடைக்காரர்கள் தர்க்கம் பண்ணாமல் புது ஜோடி இறக்கை அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து விமானத்தின் மூக்கைச் சரிசெய்தார். இறக்கைகளை மட்டும் மாட்டாமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதே சிவப்பு, அதே பளபளப்பு. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

"தாளை அறுத்துப் பாருங்களேன்" என்றேன்.

"புதுச் சேலையை அறுத்து நூல் நல்லதான்னு பாக்கச் சொல்ற" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அறுக்காமல் உள்ளே பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

எங்கள் டாக்டர் ஒரு பெண்மணி. கல்பாத்திப் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பம். கையில் கட்டுப் போட்டுக்கொண்டே நோயாளியின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்துவிடுவார். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"இறக்கைக்கு எக்ஸ்ரேயா!" என்று கண்ணாடியைக் கழற்றினார். "ரோகியோட வயசு என்னன்னு எழுதுவே?"

"ஒரு மாசம்தான் ஆகுதுங்க டாக்டர்."

"அப்போ குழந்தையாக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆளிருக்காது, கொண்டு வா. நானும் பாக்கணும்."

என் கணவர் இரண்டு இறக்கைகளையும் பழைய வேட்டியில் சுற்றிக் கையில் ஏந்தி வந்தார். பதினோரு வருடத்தில் அவரும் என் அறைக்குள் வந்ததில்லை என்பது, அவர் வாசலில் செருப்பை விட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் அவரை நிறுத்தினேன். கோவிலில் நிற்பதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறந்த குழந்தையின் கைக்கு வைக்கும் அளவுக்கும் கீழே கதிரைக் குறைத்தேன். ஓர் இறக்கை ஒரு படத்தில் அடங்காது. ஒவ்வொன்றுக்கும் இரண்டாக நாலு படம் எடுத்தேன். முதல் படம் திரையில் வந்தபோது நான் அந்த நாற்காலியில் எத்தனை ஆயிரம் எலும்பு பார்த்தவள் என்பது எனக்கே மறந்துபோனது.

சிவப்புத் தாள் காணாமல் போயிருந்தது. கறுப்பு வெளியில் ஒரு நெஞ்சுக்கூடு மிதந்தது. பதின்மூன்று விலா. எடை குறைக்க ஒவ்வொரு விலாவிலும் துளையிட்டிருந்தார்கள். மரத்தின் ரேகைகள்கூடத் தெரிந்தன. ஏதோ ஒரு நாட்டில் ஒரு மரம் மழை குடித்து வளர்ந்தபோது விழுந்த ரேகைகள். மேலும் கீழும் இரண்டு கம்புகள் நூல் பிடித்தது போல ஓடின. ஒவ்வொரு மூட்டிலும் பசை வெள்ளைப் புள்ளியாக, பனித்துளி அளவில் நின்றது. யாரோ ஒருவர் குனிந்து, ஒவ்வொரு துளியாக வைத்திருக்கிறார். அந்தக் கையை நாங்கள் பார்க்கப்போவதில்லை. ஆனால் அது எங்கெல்லாம் தொட்டதோ அங்கெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

சொன்னபடியே வந்திருந்த டாக்டர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

"என்ன அழகு!" என்றார். "நம்ம எலும்பும் இப்படித்தான். உள்ள முக்காலும் காலி. காலியா இருக்கறதாலதான் நாம எழுந்து நடக்கறோம்."

அது இடது இறக்கை. அதன் இரண்டாவது படத்திலும் குறை ஒன்றும் இல்லை. வலதின் முதல் படத்தில் என் விரல் தானாக ஓரிடத்தில் போய் நின்றது. உடலோடு சேரும் இடத்திலிருந்து மூன்றாவது விலாவுக்கும் நாலாவது விலாவுக்கும் நடுவே இருக்க வேண்டிய பலகைத் துண்டே இல்லை. பக்கத்தில் இரண்டு மூட்டுகளில் பனித்துளி இல்லை. வெறும் கறுப்பு.

"எங்கீங்க?" என்று கேட்டார் என் கணவர், டாக்டரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. வீட்டில் என்னை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியவர் இல்லை. இயந்திரங்களுக்கு நடுவே வேலை உடையில் என்னைப் பார்த்ததும் வாய் தானாக மாறிவிட்டது போல. நான் திரையில் தொட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கறுப்பு இடத்தையே பார்த்தபடி, "நேரா மாட்டிப் பறக்க உட்டிருப்பேனே" என்றார் மெதுவாக.

படத்தை வைத்து அளந்து, சரியாக அந்த இடத்தில் மட்டும் தாளை ஒரு விரல் நீளம் கீறினோம். அவர் பால்சாவில் துண்டு சீவிக் கொடுத்தார். குச்சி முனையில் பசையைத் தொட்டு அதையும் பக்கத்து மூட்டு இரண்டையும் நான்தான் ஒட்டினேன். எனக்குக் கை நடுங்காது. கீறலை அதே சிவப்புத் தாளால் மூடி, சூட்டில் ஒட்டிக்கொள்ள இஸ்திரிப் பெட்டியை லேசாக ஒற்றினோம்.

தாங்குமா என்று தரையிலேயே பார்த்துவிடலாம் என்றார் அவர். விமானம் நிமிரும்போது அதன் எடை பல மடங்காகி இறக்கைமேல் விழுமாம். ஒன்றரைக் கிலோ விமானம் அந்த ஒரு கணத்துக்கு ஒன்பது கிலோ ஆகிவிடும் என்று கணக்குச் சொன்னார். நான் துணிப்பை தைத்து எங்கள் வயல் அரிசியை அரைக் கிலோவாக அடைத்தேன். பறக்கும்போது காற்று அடியிலிருந்து தள்ளும் என்பதால் இரண்டு இறக்கைகளையும் சேர்த்து மல்லாக்கப் போட்டு, நடுவைக் கட்டைமேல் நிறுத்தி, ஒவ்வொரு பையாக இருபுறமும் வைத்தோம். பத்துப் பை வைத்தபோது நுனிகள் தாழ்ந்தன. பதினாலில் எங்கோ ஒரு முனகல் கேட்டது. இரண்டு பேரும் மூச்சை நிறுத்தினோம். மரம் தன்னைச் சரிசெய்துகொண்ட சத்தம்தான். பதினெட்டாவது பையை அவர் வைக்க மாட்டேனென்றார், நான் வைத்தேன். வில்லாக வளைந்து நின்றது. ஒரு கட்டுக் கீரையின் எடைகூட இல்லாத ஒன்று, ஒரு வாரச் சோற்றைச் சுமந்துகொண்டு எங்கள் கூடத்தில் நின்றது. அரிசியை எடுத்ததும் மெல்ல நிமிர்ந்து பழையபடி ஆனது. அதற்கு முன் எதையும் பார்த்து நான் கை கூப்பியதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மரச்சாமானைப் பார்த்துக் கூப்பியது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கவில்லை.

விமானம் உயரப் போனது. அவர் என் பக்கம் திரும்பாமல், "இழுக்கட்டுமா?" என்றார்.

"இழுங்க."

மூக்குக் குத்தி இறங்கியது. காற்றைக் கிழிக்கும் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. எங்களுக்கு முன்னால் நிமிர்ந்தபோது இரண்டு இறக்கைகளும் மேலே வளைவதை என் கண்ணால் பார்த்தேன். சிவப்புக்குள்ளே மேல்கம்பு நெரிபடுவதும், கீழ்க்கம்பு இழுபடுவதும், நடுவே அந்த நகத்தளவுத் துண்டு இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்பதும் எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தன. கையில் பிடிக்க முடியாத காற்று ஒன்பது கிலோவாக நின்று தள்ளியது. இறக்கை வாங்கிக்கொண்டது. பிறகு நேரானது. விமானம் மலைப் பக்கம் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

இறக்கிய பிறகு அவர் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, வேர்த்திருந்த உள்ளங்கைகளை லுங்கியில் துடைத்தார். பிறகு வலது கையை என்னிடம் நீட்டி, "இதுக்குள்ள எத்தனை எலும்பு?" என்று கேட்டார்.

"இருவத்தேழுங்க."

"எல்லாம் ஒட்டியிருக்குதா?"

"மணிக்கட்டுல மட்டும் எட்டு. ஒண்ணொண்ணா வேணுமாங்க?"

"சொல்லு" என்றார். வரப்பில் உட்கார்ந்தோம். அவருடைய மணிக்கட்டை என் மடியில் வைத்து, கட்டைவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.