பட்டுப்புழுவுக்கு இலை போட்டபடி படித்த பாடம்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். எங்கள் மகளிர் குழுவில், மனம் உடைந்தவர்களுக்கு உதவுவது பற்றி செல்போனிலேயே பயிற்சி கொடுத்தார்கள். நான் வீடியோவை ஓடவிட்டு, பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை போட்டுக்கொண்டிருப்பேன். கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் வந்த விடைகளைப் பார்த்துத் தட்டினேன். சான்றிதழும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் காவேரி, ஆசையாய் வளர்த்த ஆட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "நீயே வச்சுக்கக்கா, எனக்கு இனி எதுக்கு?" என்றாள். நானும் சந்தோஷமாகக் கட்டிவைத்தேன்.

குழுவில் இருக்கும் சாந்தியிடம் இதைச் சொன்னதும் பதறிவிட்டாள். "ஆசையா வச்சிருந்தத தூக்கிக் குடுத்தா என்னா அர்த்தம்னு நாலாவது பாடத்துல சொன்னாங்களே! பாடத்த நீ கேட்டியா, உன் புழு கேட்டுச்சா?"

இருவரும் ஓடினோம். பாடத்தில் சொன்னபடி சாந்தி நேராகவே கேட்டாள்: "காவேரி, செத்துப்போலாம்னு நெனப்பு வருதா?" அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். தனியே விடாமல் அன்றே தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். இப்போது தேறிவருகிறாள்.

பயிற்சி தரும் மேடத்திடம் ஒளிக்காமல் சொன்னேன். "வெறும் வீடியோ ஓடுனா நாங்க வேலையத்தான் பாப்போம்ங்க. எங்க பேச்சுல சொல்லுங்க, நடுவுல நிறுத்தி எங்கள பேச வையுங்க." அப்படியே மாற்றினார்கள்.

புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் நடக்கும்போது இப்போது நானும் போனில் கூட இருக்கிறேன். காவேரியிடம் சாந்தி கேட்ட அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பழகாத யாரையும் அடுத்த பாடத்துக்கு விடுவதில்லை. "குரல் நடுங்குதுங்கக்கா" என்பார்கள். "நடுங்கட்டும், கேளுங்க" என்பேன்.