கோடை ஜாஸ்தி விழா

என் கணவர் தமிழ்மணி திண்டிவனத்தில் விளம்பரம் எழுதிப் பத்திரிகைக்கும் உள்ளூர் எஃப்.எம்முக்கும் கொடுப்பவர். சென்ற மே மாதம் குயிலாப்பாளையத்தில் ஜாஸ் இசை விழா நடந்தது. சுற்றுவட்டார ஜனங்கள் வந்தால்தான் அடுத்த ஆண்டும் இவருக்கு வேலை என்றார்கள் விழாக்காரர்கள். ‘கோடை ஜாஸ் விழா’ என்று எழுதிக் கொடுத்தார். பத்திரிகையில் டைப் செய்தவர், எழுத்து விட்டுப்போனதாக நினைத்து ‘ஜாஸ்தி’ ஆக்கிவிட்டார். எஃப்.எம்மிலும் பத்திரிகையைப் பார்த்து அதையே வாசித்தார்கள்.

பிரம்மதேசம் விவசாயி ராஜாமணி போன் செய்தார். “வெயிலு ஜாஸ்தின்னு எங்களுக்குத் தெரியாதா சார்? அதுக்கு ஒரு விழாவா?”

“வெயில் இல்லீங்க.”

“வேற என்னாதான் ஜாஸ்தி?”

இவர் யோசித்து, “சத்தம்” என்றார்.

பிரம்மதேசத்திலிருந்து இரண்டு வேன் நிறைய வந்தார்கள். சாக்ஸபோன் முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டும் நீங்கள்தான் என்று விழாக்காரர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.

பங்குனியில் இவர் இறந்துபோனார். இந்த ஆண்டு விளம்பரத்தை நான் எழுதுகிறேன்.